ஓயாத அழைப்பு

நன்மை எனத் தொடங்கிய செயல் என்றும் நன்மையாகவே நிலைக்குமா? தொன்றுதொட்டு மாந்தர் எழுப்பிவரும் இவ்வினாவிற்கு நம் நெஞ்சுக்கூட்டினுள்ளேயே ஒரு விளக்கம் இருக்கிறது.

மாரடைப்பில் இதயத் தசைக்குக் குருதி கொணரும் நாளம் அடைபடுகிறது. அடைப்பு நீங்காவிடில், ஏறத்தாழ அரை மணி நேரத்திலேயே தசையணுக்கள் மடியத் தொடங்குகின்றன. மடிந்தவற்றின் இடத்தைப் புதிய அணுக்கள் நிரப்புவது மிக அரிது. சுவீடனில் யோனாஸ் ஃபிரிசேன் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 25 வயதினரிடத்தும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காட்டு இதயத் தசையணுக்களே புதுப்பிக்கப்படுகின்றன. ஆகவே காயம் தழும்பாகவே ஆறுகிறது. தழும்பு துடிப்பதில்லை, ஆயினும் அது உறுதியாக அமையாவிடில் இதயச் சுவரே கிழிந்துபோகக்கூடும்.

தசை குறைந்து குருதியோட்டம் தளரும்போது உடல் உதவிக்கு விரைகிறது. நரம்புகள் நார்அட்ரினலினைச் சுரந்து, இன்னும் விரைந்து துடிக்குமாறு இதயத்தைத் தூண்டுகின்றன. சிறுநீரகம் சுரக்கும் ரெனினால் ஆஞ்சியோடென்சின் உருவாகி நாளங்களை இறுக்குகிறது. உப்பும் நீரும் உடலில் தேக்கப்படுகின்றன. வெட்டுண்டு குருதி இழந்தவரைக் காக்கும் ஏற்பாடு இது. நெருக்கடியான முதல் பொழுதில் உயிரைத் தாங்குவதும் இதுவே.

ஆனால் நெருக்கடி கடந்த பின்னும் அழைப்பு ஓய்வதில்லை. அதே ஆஞ்சியோடென்சின் உயிரணுக்களின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. எஞ்சிய தசையணுக்கள் பருத்து நீள்கின்றன. காயமுறாத பகுதியிலும் நார்த்திசு படர்கிறது. இதயத்தின் இடது கீழறை விரிந்து உருண்டையாகிறது. இதயம் நலிய நலியத் தூண்டுதல் பெருகுகிறது. தூண்டுதல் பெருகப் பெருக இதயம் மேலும் நலிகிறது. இங்கே தீய எண்ணம் எங்குமில்லை. காலம் மாறியதை அறியாத நல்லெண்ணம் மட்டுமே உண்டு.

தளர்ந்த இதயத்தின் வேகத்தைக் குறைப்பது கொடுமை என்றே மருத்துவ உலகமும் நெடுநாள் கருதியது. 1975-இல் சுவீடனின் கோதன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைன் குழுவினர், இதயத் தசை நலிவுற்ற ஏழு நோயாளருக்கு அத்தூண்டுதலைத் தடுக்கும் பீட்டா தடுப்பு மருந்தை அளித்தனர். அவர்கள் நலம் தேறினர். ஐயம் தீர 1999-ஆம் ஆண்டின் பெரும் ஆய்வுகள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1992-இல் வெளியான மற்றோர் ஆய்வில், மாரடைப்புக்குப் பின் இதயம் தளர்ந்த 2,231 பேர் பங்கேற்றனர். ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் கேப்டோப்ரில் பெற்றோரிடையே இறப்பு 19 விழுக்காடு குறைந்தது. நலிந்த இதயத்திற்கு வாழ்வளித்தது சாட்டையன்று, சுமைகுறைப்பே.

நம் இல்லங்களை எண்ணிப் பார்ப்போம். தந்தை மறைந்த வீட்டில் மூத்த மகள் குடும்பத்தைத் தாங்க முன்வருகிறாள். அன்று அது தேவை, அது அறமும்கூட. தம்பி தங்கையர் வளர்ந்து நிலைபெற்ற பின்னரும் எல்லாத் தேவைக்கும் அவளையே அழைக்கிறோம். அவளுடைய தியாகத்தைப் புகழ்கிறோம். அப்புகழே அவளை மேலும் உழைக்கத் தூண்டுகிறது. தனக்கென ஓர் ஆசையைச் சொல்லவும் அவள் கூசுகிறாள்.

அவளது அன்பில் குறையில்லை. நிறுத்த வேண்டிய அழைப்பை நிறுத்தாத பொறுப்பு நம்முடையது. மருத்துவர் அம்மருந்தைச் சிற்றளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல உயர்த்துகிறார். திடீர் மாற்றத்தை நலிந்த இதயம் தாங்காது. நாமும் அவள் தோளிலிருந்து ஒவ்வொரு சுமையாக இறக்கி, நம் தோளில் ஏற்றிக்கொள்ளத் தொடங்கலாம்.