ஓவியனும் அவன் வரையும் மனிதனும்

ஓவியம் பயிலத் தொடங்கும் ஒருவர் முதலில் தேடுவது, தம்முன் சற்று நேரம் அசையாதிருக்கக்கூடிய ஒரு மனிதரை. செல்வர் அதற்கு இசைய மாட்டார். மன்னாரிலே பேசாலைக் கரைக்கோ தலைமன்னாருக்கோ ஏட்டோடு போகும் மாணவருக்கு எளிதில் அகப்படுவோர் வலை பொத்தும் முதியவரும் கருவாடு உலர்த்தும் பெண்களுமே. அவர்களுக்குக் காசு கொடுப்பதில்லை. அனுமதி கேட்போரும் அரியர். பயிற்சிக்காகத்தானே என்பது சமாதானம். பிறர் முகத்தைப் பயிற்சிப் பொருளாகக் கொள்ள நமக்கு என்ன உரிமை, கொண்டால் ஈடாக என்ன தருகிறோம் என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா.

இவ்வினா கைத்திறனையும் பற்றியது. தொடக்க நிலையினர் வரையும் முகங்களில் கண்கள் பெரும்பாலும் நெற்றிக்குள் ஏறியிருக்கும். உண்மையில் அவை உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறக்குறைய நடுவில் உள்ளன. கண், மூக்கு, வாய் இவையே முகமென எண்ணும் மனம் மண்டையோட்டுக்கு உரிய இடத்தைச் சுருக்கிவிடுகிறது. அளவைக் கற்ற பின்னரும் இக்குறை தீர்ந்துவிடுவதில்லை. நாட்காட்டிப் படங்களில் பழகிய கை, வங்காலை மீனவப் பெண் ஒருத்தியை வரைந்தாலும் கயல்விழியையும் வில்புருவத்தையுமே அவளுக்கு வழங்கும். வெயிலிலும் உப்புக்காற்றிலும் பாதி மூடிப் பழகிய அவளது கண் தாளுக்கு வராது. அவளைப் பாராமலே அவளை வரைந்தாயிற்று!

கரைவலை இழுப்போரை வரையப் புகுந்தால் விடயம் இன்னும் தெளியும். நிற்கும் உருவத்தை வரையக் கற்பிக்கும் ஆசிரியர், கழுத்துக் குழியிலிருந்து ஒரு கோட்டை நேர் கீழே விடச் சொல்வார். உடற்பாரத்தை ஒரு காலில் வைத்தவனாயின் அக்கோடு அந்தக் காலடியில் விழும். இரு காலும் ஊன்றியவனாயின் இரண்டுக்கும் இடையில் விழும். கயிறு இழுப்பவனிடம் இவ்விதி தோற்றுப்போகிறது. குதிகாலை மணலில் புதைத்துப் பின்னே சாயும் அவனது கோடு காலடிக்கு வெளியே விழுகிறது. கயிறு இல்லையேல் அவன் மல்லாந்து வீழ்வான். ஆகவே கயிற்றையும், அதன் மறுமுனையில் கனக்கும் மடியையும், உடன் சாயும் கூட்டாளிகளையும் விட்டு அவனைத் தனியே வரைந்தால், தசைகள் எவ்வளவு திருத்தமாயினும் உருவம் பொய்யே. வலை சம்மாட்டியினது என்பதும், பாட்டில் இவன் பங்கு எவ்வளவு என்பதும் தாளில் தெரியாமற் போகலாம். வரைபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். (இன்று சில கரைகளில் கயிற்றை உழவு இயந்திரம் இழுக்கிறது. அங்கே மனிதரின் நிற்பே வேறு. அதையும் எவரேனும் வரைய வேண்டும்.)

எதில் மதிப்பு வைக்கிறோமோ அதையே உற்றுப் பார்க்கிறோம். மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிகளை ஆராய்ந்து ஹேர்ட்மன் அளித்த அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக லண்டனில் வெளியாயிற்று. சிப்பியின் உள்ளுறுப்புகள் எத்துணைப் பொறுமையோடு அதில் வரையப்பட்டுள்ளன! விலங்கியல் நூலில் மனித முகத்தைத் தேடுவது முறையன்று. அவ்வறிஞரைக் குறைகூறவும் நாம் முனையவில்லை. சிப்பியில் அரசுக்கு வருவாய் இருந்தது, பொறுமையும் கிடைத்தது. கல்லில் கால் வைத்து, மூச்சடக்கி, அரிப்புக்கு அப்பாலுள்ள பார்களில் இறங்கியவனின் முகத்துக்கும் அதே பொறுமை உரியதன்றோ?

1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தின்போது மிதுனாப்பூர் மாவட்டத்தில் திரிந்து பசித்தோரை வரைந்த சித்தப்பிரசாத், பலரது பெயரையும் ஊரையும் கூடவே குறித்தார். 'பசித்த வங்காளம்' என்ற பொருள்பட அவர் வெளியிட்ட நூலின் பிரதிகளைப் பிரிட்டிஷ் ஆட்சி கைப்பற்றி எரித்தது. வெறும் எலும்புருவங்களாயின் பார்ப்போர் இரங்கிவிட்டுப் போயிருப்பர். பெயர் இருந்தமையால் அவை சாட்சியமாயின. நம் மாணவரும் முதியவரின் பெயரைக் கேட்கட்டும். ஏட்டை மூடுமுன் அவரிடம் காட்டட்டும். 'இது நானில்லை' என்று அவர் சிரித்தால், அதைவிட நல்ல ஆசிரியர் அன்று கிடைக்கப்போவதில்லை.

முகம் சாட்சியமாகும் இடம் வடபுலத்தில் இன்னொன்று உண்டு. போர் 2009இல் முடிந்தது. காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்திய தாய்மார் இன்றும் தெருவில் நிற்கின்றனர். அடையாள அட்டைக்கென எடுத்த சிறு படமொன்றைப் பெரிதாக வரைந்து தரும்படி அவர்களுள் ஒருவர் கேட்டால் மாணவர் என்ன செய்வார்? மங்கிய படத்தில் இல்லாத நிழலைக் கற்பனையால் நிரப்பலாமா? நிரப்பாவிடில் முகம் எழாது. நிரப்பினால் அவன் வேறொருவன் ஆகிவிடக்கூடும். தாயை அருகில் இருத்தி, அவர் சொல்லச் சொல்ல அழித்தழித்து வரைவதைவிட நேர்மையான வழி நமக்குத் தோன்றவில்லை. காது இவ்வளவு ஒட்டியிராது என்று அவர் சொன்னால் ஒட்டியிராது. முடிந்த படம் அவரோடு போகட்டும். மாணவரின் ஏட்டில் அந்தப் பக்கம் வெறுமையாகவே இருக்கட்டும்.