உடற்பருமன்: குற்றம் எவருடையது?

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், மாலை வேளையில் புரோட்டாக் கல்லின் ஓசையும் பொரித்த கோழியின் மணமும் நம்மைத் தொடர்கின்றன. இத்தகைய விரைவுணவே மக்களின் உடற்பருமனுக்குக் காரணம் என்று பலர் கூறுகின்றனர். அக்கூற்றை ஆராய்ந்து தெளிதல் நம் கடனாகும்.

பருமன் பெருகியுள்ளது என்பதில் ஐயமில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, கேரளத்தில் மிகை எடையுடைய பெண்கள் 2015–16இல் நூற்றுக்கு 32 பேர். 2019–21இல் 38 பேர்.

கேரள அரசு 2016இல் பர்கர், பீட்சா முதலியவற்றின்மீது 14.5 சதவீத வரி விதித்தது. மக்கள் அதனைக் ‘கொழுப்பு வரி’ என்றனர். ஆனால், பதிவுபெற்ற வணிகப் பெயருடைய உணவகங்களுக்கே அது உரியதாயிற்று. சாலையோரப் புரோட்டாவை அது தீண்டவில்லை. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது அதுவும் மறைந்தது. ஒரு குற்றவாளியைப் பிடித்தால் போதும் என்னும் எண்ணம் இவ்வாறே முடிகிறது.

அங்ஙனமாயின் உண்பவனே குற்றவாளியோ? நாவடக்கம் அற்றவர் எனப் பருத்தவரை இகழ்தல் முறையன்று. 2019இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கெவின் ஹால், 20 பேருக்கு ஆலையில் பதப்படுத்திய உணவை இரு வாரமும், இயல்பான உணவை இரு வாரமும் அளித்து, வேண்டிய அளவு உண்ணவிட்டார். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி மிகுதியாக உண்டனர். அதே மனிதர், அதே நா. உணவு மாறியதும் அளவும் மாறிற்று.

உழைப்பையும் எண்ண வேண்டும். நூற்பாலையில் முறைநேரம் முழுவதும் நின்றே உழைத்த எங்களுக்கு மரச்சீனியும் கஞ்சியும் உடலில் தங்கவில்லை. இன்றோ பலரின் வேலை நாற்காலியிலேயே முடிகிறது. ஆகவே உணவு, உழைப்பு, விலை, வேட்கை ஆகிய பல சார்புகள் கூடியே பருமன் தோன்றுகிறது.

கோசல மன்னன் பசேனதி மிகுதியாக உண்டு மூச்சுத் திணறப் பகவான் திருமுன் வந்தமர்ந்த வரலாற்றைச் சம்யுத்த நிகாயம் கூறும். பகவான் மன்னனை இகழவில்லை, சோற்றையும் பழிக்கவில்லை. அளவறிந்து உண்பவனுக்கு விளையும் நன்மையை உரைத்தருளினார். மன்னன் அதனை உணவு வேளைதோறும் தன்முன் ஓதுமாறு சுதர்சனன் என்னும் இளைஞனைப் பணித்து, நாள்தோறும் நூறு காசு அளித்தான். படிப்படியாக உணவைக் குறைத்து உடல் இளைத்தான். மன்னனும் தன் மனவுறுதி ஒன்றையே நம்பவில்லை என்பதைக் கருதுக.

நூறு காசு கொடுக்க இயலாத ஏழைச் சிறுவனுக்கு அக்குரலாய் நிற்பவர் யார்? கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் மாணவருக்கு விற்கலாகாது என 2020இல் விதி வகுக்கப்பட்டது. அவ்விதியைக் காத்தல் அரசின் பங்கு; அதற்கு அஞ்சாது விற்காமை வணிகரின் அறம்; வீட்டில் அளவறிந்து உண்டு காட்டுதல் பெற்றோர் கடமை. குற்றத்தை ஒருவர் தலையில் ஏற்றினால் மற்றவர் தப்பிவிடுவர்; பொறுப்பைப் பகிர்ந்துகொண்டாலோ பிணி குறையும். இதனை நன்கு சிந்திப்போமாக.