மல்லாந்து துயில விழைவோர்க்கு

தோளிலும் இடுப்பிலும் ஆண்டுக்கணக்காக வேதனை குடிகொண்டமையால் ஒருக்களித்துப் படுக்க இயலாதவர், முழங்கால்களின் அடியில் தலையணை ஒன்றை வைத்து மல்லாந்து படுக்கப் பழகினால் இடுப்பின் இறுக்கம் சற்றே தணியக்கூடும். ஆயினும் உறக்கத்தில் சுவாசம் தடைப்படும் வியாதியும் உடனிருப்பின், அந்தச் சயனத்தில் நாவும் மெல்லண்ணமும் தம் பாரத்தாலேயே பின்சரிந்து தொண்டையின் காற்றுவழியை அடைத்துவிடும். ஒன்றுக்குப் பரிகாரமாவது மற்றொன்றுக்கு அபாயமாகிற இந்தச் சங்கடத்தின் கொடுமையை, நள்ளிரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்தவரே அறிவர். 1981-இல் சிட்னி நகரத்து மருத்துவர் காலின் சல்லிவனும் அவர்தம் குழுவினரும், மூக்கின் வழியே இடையறாது காற்றழுத்தம் செலுத்தி தொண்டையின் காற்றுவழியைத் திறந்தே வைக்கும் முறையை வெளியிட்டனர். வைத்தியரைக் கலந்து, அவ்வாறு காற்றழுத்தம் செலுத்தும் கருவியின் துணையோடு, தலைப்புறத்தைச் சிறிது உயர்த்தி, பொறுமையாகப் பழகுங்கள். அத்துணையின்றி ஓர் இரவும் துணியாதீர்கள்.