மஞ்சள் வயல்

பங்குனிப் பாதியிலிருந்து வைகாசி முடிய, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சைக்கிளில் ஊர் சுற்றுவது வழக்கம். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் வெயில் முதுகில் உறைக்குமுன் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் போய்வரலாம். சில இடங்களில் சைக்கிளைப் பூட்டிவைத்துவிட்டு வாய்க்கால் கரையோடு நடப்பேன். அந்த மாதங்களில் காவேரியின் கிளைகளில் தண்ணீர் இராது, மணல்தான். சம்பா அறுத்த தாள்களுக்கிடையே உளுந்தும் பயறும் நிற்கும். புங்கமரங்கள் புதுத்தளிர் விட்டிருக்கும். வேம்பு பூத்திருக்கும். சித்திரை பிறந்துவிட்டால் சரக்கொன்றை. இதற்கெல்லாம் எந்தக் காரியமும் கிடையாது. போகிறேன், பார்க்கிறேன், திரும்பி வருகிறேன்.

இதைப்பற்றி எழுத நேர்ந்ததற்கு நண்பர் ஒருவர் காரணம். ‘நீ ரசிப்பது வயலை இல்லை, அந்த வயலில் இறங்கி வேலை செய்யவேண்டியிராத உன் நிலைமையை’ என்றார். அவர் சொன்னதில் கோபத்தைவிட உண்மை அதிகம் என்று பட்டதால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நம் வட்டத்தில் இயற்கை ரசனைக்கு இரண்டு விதமான மரியாதைகள்தான் இருக்கின்றன. ஒரு சாரார் அதை ஆத்மார்த்தமான அனுபவம் என்று கேள்வி கேட்காமல் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். இன்னொரு சாரார் அதை மத்தியதர வர்க்கத்தின் சுகம் என்று, அதையும் கேள்வி கேட்காமல், தள்ளிவிடுகிறார்கள். இரண்டுமே அனுபவத்தைச் சோதித்துப் பார்க்கிற சிரமத்திலிருந்து தப்பிக்கிற வழிகள். எனக்கு நேர்ந்த ஒரு சிறு சம்பவத்தை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

நான் வேலை பார்க்கும் கிளை, விவசாயக் கடன்கள் நிறைந்த கிளை. சிட்டாவும் அடங்கலும் வாங்கிச் சரிபார்ப்பது, நகைக்கடன் சீட்டு எழுதுவது, தவணை தப்பியவர்களின் பட்டியலைத் தயார் செய்வது என்று என் வாரம் கழிகிறது. ஆக, ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்து மகிழ்கிற வயல்களில் பலவற்றின் சர்வே எண் எனக்குத் தெரியும். சிலவற்றின் பெயரில் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்பதும் தெரியும். ஆனால் சைக்கிளில் ஏறினால் அது மறந்துவிடும். மறப்பதற்காகவே ஏறினேன் என்றும் சொல்லலாம்.

ஒரு பங்குனிக் காலையில், ரோட்டை ஒட்டிய உளுந்து வயல் ஒன்றில் பச்சைக்கு நடுவே பெரிய மஞ்சள் திட்டு. சூரியன் அப்போதுதான் பனைமட்டத்துக்கு வந்திருந்தது. அந்த மஞ்சளை எதோடும் ஒப்பிடத் தோன்றவில்லை. இறங்கி நின்றுவிட்டேன். பத்து நிமிஷமாவது இருக்கும். வரப்பிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார், அறுபது வயதிருக்கலாம். ‘சார், பேங்க்லேருந்துதானே? ஞாயித்துக்கெழமைகூட இன்ஸ்பெக்ஷனா?’ என்றார். குரலில் பயம் இருந்தது. இல்லை, சும்மா வந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. ‘தேமல் அடிச்சுப்போச்சு சார். நீங்களே பார்க்குறீங்களே. ஒண்ணும் தேறாது. கொஞ்சம் பார்த்துச் செய்யச் சொல்லுங்க’ என்றார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்புகிற ஒரு வைரஸ். இளம்பயிரில் பிடித்துவிட்டால் இலை மஞ்சளாகி, காய் பிடிப்பது குறைந்து, பிடித்த காயும் சிறுத்துப்போகும். கடன் பேப்பர்களில் அந்த நோயின் பெயரை நானே பலமுறை எழுதியிருக்கிறேன். எழுதிய கைக்குத் தெரிந்தது பார்த்த கண்ணுக்குத் தெரியவில்லை.

இதுவரையில் என் நண்பரின் கட்சிதான் ஜெயிக்கிறது. ஆனால் என்னைத் தொந்தரவு செய்தது இதன் பிறகு நடந்தது. விஷயம் தெரிந்தபின் திரும்பிப் பார்த்தேன். அந்த மஞ்சள் அப்போதும் அழகாகவே இருந்தது. நான் எதிர்பார்த்ததுபோல அருவருப்பாக மாறவில்லை. இந்த இடத்தில் என்ன செய்வது? அழகாக இல்லை என்று சொன்னால் அது பொய். அழகாக இருக்கிறது என்று அவர் முன்னால் சொன்னால் அது கொடூரம்.

கான்ட் 1790இல் எழுதிய தன் மூன்றாவது விமர்சனத்தில் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார். அழகைப் பற்றிய தீர்ப்பு, பொருளின் இருப்பில் எந்த நலனும் பாராட்டாத மகிழ்ச்சியிலிருந்து பிறக்கவேண்டும் என்பது அவர் வாதம். வயல் விளைந்தாலென்ன, விளையாவிட்டாலென்ன, மஞ்சள் மஞ்சள்தான். தர்க்கத்தில் பிசகில்லை. ஆனால் நலன் பாராட்டாமல் இருப்பது எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. எனக்கு அது வாரம் ஒருநாள் விடுமுறையாகக் கிடைக்கிறது. அந்தப் பெரியவருக்கு அந்த வயலின் முன்னால் எந்தக் கிழமையிலும் கிடைக்காது. ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் நாட்டுப்புறத்தையும் நகரத்தையும் பற்றி எழுதிய புத்தகத்தில், நிலம் காட்சியாவதற்கே ஒரு விலகல் தேவைப்படுகிறது என்று வாதாடுகிறார். என் நண்பரின் குற்றச்சாட்டுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

நானும் அதோடு நின்றிருப்பேன். ஆனால் அந்தப் பெரியவர் போகும்போது வயலைத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். ‘பார்க்க என்னமோ கல்யாணப் பொண்ணாட்டம் நிக்குது, பாருங்க.’ சொல்லிவிட்டுச் சிரித்தார். கசப்பு இருந்தது, ஆனால் கசப்பு மட்டும் இல்லை. அவருக்கும் அந்த மஞ்சள் தெரிந்தே இருந்தது. எனக்கு முன்பே தெரிந்திருக்கும்.

உழைப்பவனுக்கு நிலம் உழைப்பாக மட்டுமே தெரியும், அழகு விலகி நிற்பவனுக்கே தெரியும் என்பது நியாயமான கோபத்திலிருந்து எழுகிற வாதமாக இருக்கலாம். ஆனாலும் உழைப்பவனிடமிருந்து அது கண்ணைப் பிடுங்கிக்கொள்கிறது. அவர் நோயையும் அழகையும் ஒரே பார்வையில் பார்த்தார். என்னால் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் பார்க்க முடிந்தது: வாரநாளில் நோய், ஞாயிற்றுக்கிழமையில் அழகு. குறை என் ரசனையில் இல்லை; நான் இரண்டு ஆட்களாகப் பிரிந்திருந்ததில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்தப் பிளவு எனக்கு மட்டும் வந்ததல்ல. எட்வர்ட் தாமஸ் 1913ஆம் வருஷம் மார்ச் 21, புனித வெள்ளியன்று, லண்டனிலிருந்து சைக்கிளில் கிளம்பி வசந்தத்தைத் தேடி மேற்கே ஸாமர்ஸெட்டின் குவான்டாக் குன்றுகள் வரை போனார். ‘இன் பர்ஸ்யூட் ஆஃப் ஸ்ப்ரிங்’ என்று அது 1914இல் புத்தகமாக வந்தது. வசந்தத்தைவிட மழையும் எதிர்காற்றும்தான் வழியில் அதிகம். உல்லாசப் பயணம் என்று எண்ணிவிடக் கூடாது. மனைவியையும் மூன்று குழந்தைகளையும் காப்பாற்ற மதிப்புரைகளும் ஒப்பந்தப் புத்தகங்களும் எழுதித் தள்ளிக்கொண்டிருந்தவர் அவர். அந்தப் பயணமும் பக்கங்களை நிரப்பவேண்டிய வேலைதான். அதில் விசித்திரம், வழிநெடுக ‘மற்ற மனிதன்’ என்று ஒருவன் எதிர்ப்படுகிறான். அவனும் சைக்கிளில்தான் வருகிறான். தாமஸின் சாயல்களே அவனிடம் தெரிகின்றன. ரசிக்கிறவனையும், ரசனையைக் கூலிக்கு எழுதுகிறவனையும் ஒரே உடம்பில் வைத்துக்கொள்ள முடியாமல் அவனைத் தனியே இறக்கிவிட்டிருக்கிறார் என்றே நான் வாசிக்கிறேன். இந்தப் புத்தகத்தின் உரைநடையைப் பார்த்துத்தான் ராபர்ட் ஃப்ராஸ்ட், இதே லயத்தில் கவிதை எழுது என்று அவரைத் தூண்டினார். 1914 டிசம்பரில் தொடங்கி இரண்டே வருஷங்களில் நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட கவிதைகள். 1917 ஏப்ரல் 9, ஆராஸ் போர்முனையில் இறந்துபோனார். கவிதைகளிலும் அந்த இரட்டை ஆள் வருகிறான். ஆனால் அங்கே அவன் பிளவை மறைக்கிற உபாயமாக வரவில்லை, பிளவே பேசுபொருளாகிவிடுகிறது.

நம் அகக்கவிதையில் இந்தப் பிரச்னை எழவே இல்லை என்பதையும் யோசிக்கவேண்டும். வேனில் அங்கே பாலைக்குரிய பொழுது. இளவேனிலில் மரம் பூப்பது, வருகிறேன் என்று சொல்லிப்போனவன் வரவில்லை என்பதற்குச் சாட்சி. வேனிலில் நடப்பவன் பொருள் தேடி நடக்கிறான், அல்லது ஒருத்தியை அழைத்துக்கொண்டு ஊரைவிட்டு நடக்கிறான். பூவை மட்டும் தனியே கிள்ளியெடுத்து ரசிக்கிற ஒருவனுக்கு அந்த உலகத்தில் இடமே கிடையாது. கருப்பொருள் எப்போதும் உரிப்பொருளின் கையைப் பிடித்துக்கொண்டே வருகிறது. அந்தப் பெரியவரின் பார்வை அதற்குத்தான் பக்கத்தில் இருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விட்டால் இது அரைகுறையாகிவிடும். எங்கள் கிளையில் ஃபைல் எடுத்துத் தரும் ஊழியர் தினமும் பதினோரு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வருகிறவர். என் ஞாயிற்றுக்கிழமை வழியைப் பற்றி அவரிடம் ஒருநாள் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். குறிப்பிட்ட ஒரு தெரு வந்ததும், ‘அங்க மட்டும் நான் எறங்கித் தள்ளிக்கிட்டுப் போயிருவேன் சார்’ என்றார். யாராவது தடுக்கிறார்களா என்றேன். ‘இப்ப யாரும் சொல்றதில்ல. அப்பா எறங்குவாரு. நமக்கும் கால் தானா எறங்கிடுது.’ அந்தத் தெருவில் நான் பலமுறை போயிருக்கிறேன். திண்ணைகளும் வேப்பநிழலும் அழகான தெரு என்று மனதில் குறித்து வைத்திருந்தேன்.

காரியமில்லாமல் நடப்பதும் சுற்றுவதும் அற்ப சுகம் என்று தள்ளுகிறவர்கள் இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். 1932 ஏப்ரல் 24, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் சில நூறு பேர், பிரபுக்கள் வேட்டைக்கென்று அடைத்து வைத்திருந்த கின்டர் ஸ்கௌட் மேட்டு நிலத்தில் அத்துமீறி நடந்தார்கள். முன்னின்ற பென்னி ராத்மனுக்கு வயது இருபது. ஐந்து பேருக்கு இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை சிறை. ஆறுநாள் ஆலையில் நின்றவர்களுக்கு ஏழாம்நாள் மலையில் காலாற நடப்பது போராடி அடையவேண்டிய பண்டமாக இருந்தது. 1924 மார்ச் 30இல் வைக்கத்தில் தொடங்கிய சத்தியாக்கிரகம் அதைவிட அடிப்படையானது. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் ஒரு மனிதன் நடக்கலாமா என்பதே அங்கே கேள்வி. பெரியார் இருமுறை சிறை சென்றார். 1925 நவம்பரில் அது முடிந்தபோது மூன்று புறத் தெருக்கள்தான் திறந்தன. யாரும் ‘எங்கே?’ என்று கேட்காமல், தானும் இறங்காமல் ஒரு பாதையில் போவது சின்ன விஷயமில்லை. அது எனக்குப் பிறப்பிலேயே கிடைத்துவிட்டதால் சுகமாகத் தெரிகிறது. கிடைக்காதவருக்கு அது உரிமையாகத் தெரிகிறது.

ஆகவே நான் சைக்கிளை நிறுத்திவிட்டால் நியாயம் நிலைநாட்டப்பட்டுவிடும் என்ற எண்ணம் எனக்கில்லை. என் துறவினால் உளுந்து விளையப்போவதில்லை. அந்தத் தெருவில் அவர் ஏறி மிதிக்கப்போவதுமில்லை. குற்ற உணர்ச்சியையும் ஒரு நுண்ணிய சுவையாக ருசிக்க நம் போன்றவர்களால் முடியும். அந்த ஆபத்து எழுதும்போது கூடவே இருக்கிறது. செய்யக்கூடியதாக எனக்குத் தெரிவது ஒன்றுதான். ஏறும்போது சர்வே எண்ணை மறக்காமல் இருப்பது. எண்ணை எழுதும்போது மஞ்சளை மறக்காமல் இருப்பது. இதனால் மகிழ்ச்சி குறையும்தான். குறைந்த பிறகும் மிஞ்சுவதைத்தான் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியும்.

திங்கட்கிழமை அந்தப் பெரியவரின் பேப்பர்களை எடுத்து, விதிகளுக்குள் என்ன செய்யலாம் என்று மேலாளரிடம் பேசினேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தவணைக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. ஊழியரிடம், அடுத்த ஞாயிறு என்னோடு வருகிறீர்களா, அந்தத் தெருவழியாகவே போகலாம் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். ‘ஆறுநாள் மிதிக்கிறது போதாதா சார், ஞாயித்துக்கெழமையும் மிதிக்கணுமா?’ என்றார்.

அந்த ஞாயிறும் நான் தனியாகத்தான் போனேன். அந்தத் தெரு வந்ததும் இறங்குவதா, ஏறியே போவதா என்று தெரியவில்லை. இறங்கினால் நடிப்பு, இறங்காவிட்டால் பழைய மறதி. தெருமுனையில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். திண்ணையிலிருந்து ஒருவர், ‘யாரைப் பார்க்கணும்?’ என்று கேட்டார்.