பிலிப்பு கேட்ட கேள்வி



சற்றுமுன் வாசிக்கக் கேட்ட யோவான் நற்செய்தியில், இறுதி இராவுணவு மேசையில் இருந்துகொண்டு பிலிப்பு ஒரு கேள்வி கேட்கிறார். தந்தையைத் தங்களுக்குக் காட்டிவிட்டால் போதும் என்கிறார். கேள்வியில் தப்பில்லை. கேட்ட நேரத்தைப் பாருங்கள். கலிலேயாவில் தொடங்கிய நாளிலிருந்து இயேசு சொல்லிக்கொண்டு வந்த பாடமே அதுதான். அந்த முதல் பாடத்தை, விடிந்தால் சிலுவை என்றிருக்கும் இரவில், தொடக்கத்திலேயே அழைக்கப்பட்ட ஒரு சீடர் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்கிறார்.

ஆசிரியர்களே, உங்களில் எத்தனை பேருக்கு இந்த வாரம் இதுவே நடந்திருக்கும்! ஜூன் மாதம் நடத்திய கணக்கு. காலாண்டுக்கு ஒருமுறை, அரையாண்டுக்கு ஒருமுறை, திருப்புதல் தேர்வுகளில் திரும்பத் திரும்ப என்று போட்டுக் காட்டிய கணக்கு. பொதுத்தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு பிள்ளை நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "டீச்சர், இத எப்படிப் போடணும்?" என்று கேட்கும். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும்போது, ஒரு வருஷ உழைப்பும் தண்ணீரில் போனதுபோல இருக்கும்.

ஆண்டவருக்கும் அப்படி இருந்தது. இத்தனை காலம் கூடவே இருந்தும் என்னை அறிந்துகொள்ளவில்லையா என்று பிலிப்பிடம் கேட்கிற அந்தக் குரலில் ஒரு நொம்பலம் இருக்கிறது. யோவான் அதை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். அதற்காக யோவானுக்கு நன்றி சொல்ல வேண்டும். இறைமகனுக்கே கற்பித்துக் களைத்த ஒரு நிமிஷம் இருந்தது என்றால், மார்ச் மாதக் கடைசியில் உங்களுக்கு வரும் அலுப்புக்காக நீங்கள் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. நொந்துகொண்டாலும், இயேசு மேசையை விட்டு எழுந்துபோகவில்லை. அதே பிலிப்புக்கு, அதே பாடத்தை, அந்த இரவிலும் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். ஒரு பக்கம் பொதுத்தேர்வு. இங்குள்ள ஆசிரியர் வேறொரு பள்ளிக்குத் தேர்வறைக் கண்காணிப்புக்குப் போகிறார். அவர் வகுப்பையும் சேர்த்துப் பக்கத்து வகுப்பு டீச்சர் பார்க்கிறார். வகுப்பறைகளைத் தேர்வுக்குக் கொடுத்துவிட்டு, சின்ன வகுப்புப் பிள்ளைகளை மரத்தடியில் உட்கார்த்திப் பாடம் நடத்துகிறவர்களும் இருக்கிறீர்கள். அடுத்து விடைத்தாள் திருத்தும் மையம். இடையில் செல்போனில் பதிவேற்ற வேண்டிய விவரங்கள், அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கு வீடு வீடாக அலைச்சல். நாகர்கோவில் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. இதற்கு நடுவில், "போர்ஷன் முடிஞ்சுதா?" என்ற கேள்வி.

இந்தப் போர்ஷனைப் பற்றித்தான் இன்று உங்களோடு மனம்விட்டுப் பேச ஆசைப்படுகிறேன். யோவான் நற்செய்தி பதினாறாம் அதிகாரத்தில், அதே இரவில், சொல்ல வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது, இப்போது அதை உங்களால் தாங்க முடியாது என்று ஆண்டவர் சீடர்களிடம் சொல்கிறார். அவருக்கும் பாடம் மிச்சம் இருந்தது! அவர் அவசரப்பட்டு அந்த மிச்சத்தை அவர்கள் தலையில் கொட்டவில்லை. அதைத் தூய ஆவியாரிடம் ஒப்படைத்தார். கடைசி மணி நேரத்தை வேறு எதற்குக் கொடுத்தார்? குனிந்து கால்களைக் கழுவினார். யார் பெரியவர் என்று அந்த மேசையிலேயே சண்டை போட்டவர்களின் கால்கள் அவை. சேவல் கூவுமுன் மறுதலிக்கப் போகிறவரின் கால்களும் அவற்றுள் இருந்தன. நம் கணக்கில் அன்றிரவு அந்த வகுப்பின் தேர்ச்சி விழுக்காட்டைப் போட்டுப் பார்த்தால் என்ன வந்திருக்கும்? அவர் அந்தக் கணக்கைப் போடவே இல்லை. தம்மவர்கள்மேல் கொண்ட அன்பை இறுதிவரை காட்டினார் என்றுதான் யோவான் அந்தப் பகுதியைத் தொடங்குகிறார்.

இந்த மண்ணில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துக் களைத்த இன்னொருவரை உங்களுக்குத் தெரியும். நம் கோட்டாறு பேராலயத்தின் பாதுகாவலர் புனித சவேரியார். டிசம்பர் 3 என்றால் நமக்குத் தேரும் திருவிழாவும் பள்ளி விடுமுறையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1542 முதல் 1544 வரை அவர் கடற்கரை ஊர்களிலிருந்து எழுதிய கடிதங்களை நீங்கள் வாசிக்க வேண்டும். ஓர் ஊருக்குப் போனால் சிறுவர்கள் வந்து சூழ்ந்துகொண்டு, செபம் சொல்லித்தரும்வரை தம்மைச் சாப்பிடவும் தூங்கவும் விடுவதில்லை என்று எழுதுகிறார். அந்தத் தொந்தரவில்தான், விண்ணரசு இத்தகையோருடையது என்பதன் பொருள் தமக்குப் புரியத் தொடங்கியதாகவும் சொல்கிறார். அவர் தமிழை அரைகுறையாகத்தான் கற்றிருந்தார். மொழிபெயர்த்த செபங்களை மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார்.

அந்தக் கடிதங்களில் பல, பிரான்சிஸ் மான்சிலாஸ் என்ற துணைவருக்கு எழுதியவை. மான்சிலாஸ் பெரிய படிப்பாளி இல்லை. முத்துக்குளித்துறையில் அந்த வெக்கையில், சொன்னதைக் கேட்காத மக்கள் நடுவில் அவர் அலுத்துப்போயிருந்தார். சவேரியார் அவரை அதட்டவில்லை. பிள்ளைகள் சரியில்லாதபோதும் நல்ல தகப்பன் பொறுத்துப்போவதுபோல அவர்களிடம் பொறுமையாயிரும் என்கிறார். உத்தரிக்கிற ஸ்தலத்தில் கழிக்க வேண்டியதை இங்கேயே கழிப்பதாக நினைத்துக்கொள்ளும் என்றும் எழுதுகிறார். ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடாமல் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைப் பாரும் என்கிறார். எல்லாம் முடியாவிட்டால், முடிந்ததைச் செய்து மனநிறைவு கொள்ளும்படி தேற்றுகிறார்.

இப்படித் தேற்றியவர் தாமே தேறியிருந்தாரா? 1544ஆம் ஆண்டில், போர்ச்சுக்கீசியரே அந்த மக்களுக்குச் செய்த அநியாயங்களைக் கண்டு, உயிரோடிருப்பதே அலுத்துவிட்டது என்று அதே மான்சிலாசுக்கு எழுதுகிறார். ஜூன் மாதம் வடுகப் படை தாக்கியபோது, கன்னியாகுமரிக் கடல்பாறைகளில் ஏறி ஒளிந்த மக்கள் பசியாலும் தாகத்தாலும் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. பிறகு கரைவழியே நடந்தே வந்து சேர்ந்தார். உற்சாகம் பொங்கி வழிந்ததால் அவர் வந்தார் என்று நான் நினைக்கவில்லை. அங்கே ஆட்கள் காத்திருந்தார்கள். அதனால் வந்தார். ஏப்ரல் மாதத்தில் உங்களைப் பள்ளிக்கு நடக்கவைப்பதும் பல நாளில் இதுவாகத்தான் இருக்கும். அதைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள்.

பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட மறைசாட்சி தேவசகாயத்தையும் ஒரு நிமிஷம் நினையுங்கள். திருமுழுக்குக்கு முன் அவர் பெயர் நீலகண்டன். பொருளை இழந்து மனமொடிந்திருந்த அவரிடம், 1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், யோபுவின் கதையைச் சொன்னார். 1745இல் திருமுழுக்கு, 1752இல் காற்றாடிமலையில் மறைசாட்சியம், 2022இல் புனிதர் பட்டம். டிலனாய் 1777இல் இறந்து உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். துக்கத்தில் இருந்த ஒருவருக்கு நேரம் ஒதுக்கி ஒரு கதை சொன்னபோது, அது எங்கே போய் நிற்கும் என்று அவருக்கு என்ன தெரிந்திருக்கும்?

எனவே இந்த மிச்ச நாட்களுக்காக உங்களிடம் ஒரு காரியம் கேட்கிறேன். நாளை வகுப்புக்குள் போனதும் வருகைப் பதிவேட்டைத் திறப்பீர்கள். பெயர் கூப்பிடும்போது தலையை நிமிர்த்துங்கள். ஒவ்வொரு முகத்தையும் பாருங்கள். இந்த ஆண்டு முழுவதும் நீங்கள் ஒரு தடவைகூடத் தனியாகப் பேசாத ஒரு பிள்ளை கட்டாயம் இருக்கும். அது வாலுத்தனம் செய்கிற பிள்ளையாக இராது. முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளையாகவும் இராது. நடுவில், சத்தமில்லாமல் இருக்கும். அப்பா ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்காகி இருக்கலாம். வளைகுடாவில் இருக்கலாம். விடியுமுன்னே ரப்பர் வெட்டப் போகிற அம்மாவின் பிள்ளையாக, காலைச் சாப்பாடு இல்லாமல் வந்திருக்கலாம். "மக்களே, இங்க வா" என்று கூப்பிட்டு, ஐந்து நிமிஷம் பேசுங்கள். பாடத்தைப் பற்றியே பேச வேண்டும் என்றில்லை. பள்ளி மூடிவிட்டால் ஜூனில் அந்தப் பிள்ளை வேறு வகுப்பில், ஒருவேளை வேறு பள்ளியில் இருக்கும்.

நிர்வாகிகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்க என் மனச்சாட்சி விடாது. ஆசிரியரை இறுதிவரை அன்பு செய்யச் சொல்லிவிட்டு, மே மாதம் அவர் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்று கேட்காமல் இருப்பது நியாயமில்லை. சில இடங்களில் அந்த மாதத்துக்குச் சம்பளம் கிடையாது, சேர்க்கைக்கு ஆள் பிடிக்கும் வேலை மட்டும் உண்டு. திருச்சபையின் பெயரால் நடக்கும் பள்ளியில் அப்படி நடந்தாலும் அது தவறுதான். இங்கே நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள், இந்தத் தவக்காலத்தின் ஒறுத்தலாக அதை முதலில் சரிசெய்யுங்கள். பெற்றோரே, மதிப்பெண் குறைந்தால் மட்டும் பள்ளி வாசலுக்கு வராதீர்கள். கடைசி வேலை நாளன்று பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய், அந்த ஆசிரியரைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

காணிக்கைப் பவனியின்போது உங்கள் இருக்கைகளில் வெள்ளைத் தாள் ஒன்று தருவார்கள். ஆசிரியர்கள் அதில் நான் சொன்ன அந்தப் பிள்ளையின் பெயரை எழுதி, மடித்துக் கூடையில் போடுங்கள். யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். அந்தக் கூடை அப்பத்துக்கும் இரசத்துக்கும் பக்கத்தில் பீடத்தின்மேல் இருக்கும். எழுந்து நின்று விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.