மறுபடியும் குளிரவை!

இரண்டு நாள் குளிரவைத்தாய். தங்க முலாம் பூசிய தட்டுகள் சரவிளக்குபோல் தொங்கும் அந்தக் குளிர்கலன் 10 மில்லிகெல்வினுக்கு இறங்கியது. விண்வெளியே 2.7 கெல்வின்தான், அதையும் தோற்கடித்த குளிர். ஆனால் திரையில் குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான குயூபிட்டைக் காணோம், வெறும் நேர்கோடு. எங்கோ ஒரு கேபிள் முனையில் நட்டு தளர்ந்திருக்கிறது. இனி சூடேற்றி, திறந்து, ஸ்பானரால் கால் சுற்று திருகி, மூடி, மறுபடி குளிரவைக்க வேண்டும். ஒரு வாரம் போச்சு! "இந்த ஆராய்ச்சிக்கு நான் லாயக்கில்லை" என்று விடுதியில் குப்புறப் படுத்திருக்கிறாய். தளர்ந்தது நட்டு. நீ ஏன் தளர்கிறாய்? எழுந்திரு!

1962-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வு மாணவர் பிரையன் ஜோசப்சனுக்கு வயது 22. இரு மீக்கடத்திகளுக்கு நடுவே மெல்லிய தடுப்பு இருந்தாலும் மின்தடையின்றி மின்னோட்டம் பாயும் என்று கணக்குப் போட்டார். நடக்காது என்றவர் யார் தெரியுமா? டிரான்சிஸ்டருக்காக நோபல் வாங்கிய ஜான் பார்டீன். மீக்கடத்தலுக்குக் கோட்பாடு தந்த மூவரில் ஒருவர். மாணவர் அசையவில்லை. அடுத்த ஆண்டே பெல் ஆய்வகச் சோதனை மாணவர் பக்கம் பேசியது. உன் சில்லில் இருக்கும் சந்திக்கு அவர் பெயர்தான்.

பெர்க்லிக்கு வா. 1980-களின் நடுப்பகுதி. பேராசிரியர் ஜான் கிளார்க், பிரான்சிலிருந்து வந்த மிஷேல் டெவோரே, முனைவர் பட்ட மாணவர் ஜான் மார்ட்டினிஸ். அந்தச் சந்தி கொண்ட ஒரு முழு மின்சுற்றே அணுவைப்போல் குவாண்டம் விதிப்படி நடக்கும் என்று காட்ட வேண்டும். கம்பிவழி இறங்கிவரும் நுண்ணலை இரைச்சலோ எல்லாவற்றையும் கெடுக்கும். என்ன செய்தார்கள்? சுருள்கம்பியைச் சுற்றிச் செம்புத் தூளை அடைத்து வடிகட்டி செய்தார்கள். செம்புத் தூள், அப்பா! இந்தத் துறையிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் இது. அந்த வேலைக்கு 2025-இல் நோபல் வந்தது, 40 வருஷம் கழித்து.

1999-இல் ஜப்பானின் என்இசி ஆய்வகத்தில் நாகமுரா குழு இயக்கிக்காட்டிய மீக்கடத்திக் குயூபிட்டின் குவாண்டம் நிலை தாக்குப்பிடித்தது சில நானோ வினாடி. இன்று சிறந்தவை மில்லி வினாடியைத் தொடுகின்றன. லட்சக்கணக்கான மடங்கு! பரப்பைச் சுத்தம் செய்தவரும், நியோபியத்துக்குப் பதில் டாண்டலத்தைப் போட்டுப் பார்த்தவரும், உன்னைப்போல் நட்டு திருகியவருமாக ஆளுக்குக் கொஞ்சம் ஏற்றியது அது.

பேராசிரியர் நாற்காலி சுலபத்தில் கிடைக்காது. பொய் சொல்லி உன்னை உசுப்பமாட்டேன். ஆனால் வெற்றிடமும் நுண்ணலையும் பழகிய கை எங்கே போனாலும் உன்னோடு வரும்.

ஸ்பானர் இழுப்பறையில் இருக்கிறது. எந்த இணைப்பு என்று நோட்டில் குறித்துக்கொள். இன்றே சூடேற்றினால் சனிக்கிழமைக்குள் குளிர்ந்துவிடும்.