தாமதம் யாருடையது?

ஒரு வேலை பிந்தும்போது அந்தப் பிந்தல் யாருடையது என்பதை நாங்கள் நெடுங்காலம் ஒரு கேள்வியாகவே எடுத்ததில்லை. எவர் பிந்தினாரோ அவருடையது என்று விட்டுவிடுவோம். வேலைத்தலத்தில் நேரத்தாள் நிரப்பிப் பழகியவர்களுக்கு இது விளங்கும். கால் மணித்தியாலத்துக்கு ஒரு கட்டம், தாளின் தலையில் ஒரு ஆளின் பெயர். கொம்பியூட்டரின் பெயரை எழுத அதில் இடமில்லை.

ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒரு பொறியியல் அலுவலகத்தில் நாங்கள் நான்கு பேர் படம் வரைகிறோம். தெருவுக்குக் கீழே போகும் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும்தான் எங்கள் சீவியம். ஐந்தாவதாக எங்களோடு ஒருவர் இருந்தார். இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவர். றேசிங் தாளில் மைப்பேனையால் எழுதிப் பழகிய கை. அண்ணை என்றுதான் நாங்கள் எல்லோரும் கூப்பிடுவோம்.

2019 மாசியில் அலுவலகம் ஓட்டோகாட்டின் புதிய பதிப்புக்கு மாறியது. எங்கள் நால்வருக்கும் எல்லாவற்றையும் புதிதாகவே நிறுவித் தந்தார்கள். அண்ணையிடம் பதினெட்டு வருசமாகச் சேர்த்துவைத்த சுருக்குக் கட்டளைகளும் கோட்டு வகைகளும் இருந்தன. அவற்றை இழக்க வேண்டாம் என்று, பழைய அமைப்புகளை அப்படியே புதிய பதிப்புக்குள் கொண்டுவந்து கொடுத்தார்கள். நல்லெண்ணத்தோடு செய்த காரியம். அன்றிலிருந்து அவருடைய வேலை இழுபட்டது. ஒரு படம் திறக்க மூன்று நிமிடம். ஒரு கோட்டைத் தொட்டால், தொட்டதற்கும் அது தெரியவருவதற்கும் இடையில் ஒரு மூச்சு. பக்கம் மாற்றினால் திரை வெறும் வெள்ளையாக நிற்கும்.

நாங்கள் அதைப் பார்த்தோம். பார்த்துவிட்டு, "அண்ணை, அந்தக் கட்டளையைத் திருப்பி அடிக்காதேங்கோ, பொறுங்கோ" என்று புத்தி சொன்னோம். அவருக்கு அப்போது அறுபத்தொரு வயது. மேலாளர் எங்களில் ஒருவரைக் கூப்பிட்டு, "அவரால் சமாளிக்க முடிகிறதா?" என்று கேட்டார். "வயசுதானே, புதிசு பழக நாள் எடுக்கும்" என்று சொன்னோம். இரக்கமாகத்தான் சொன்னோம். மற்ற மூவரும் அதை மறுக்கவில்லை. ஆகவே அது நான்கு பேருடைய சொல்.

அண்ணையும் அதை நம்பத் தொடங்கினார். இதுதான் எங்களை இன்னும் வருத்துவது. கண் மங்குகிறது என்று போய்ப் புதுக் கண்ணாடி வாங்கினார். பிறகு கை பிந்துகிறது என்றார். ஆவணி முடிய, தானாகவே கடிதம் கொடுத்து இளைப்பாறினார். கேக் வெட்டினோம்.

அவருடைய படங்கள் எங்கள் தலையில் விழுந்தன. அவற்றில் சில 1997இல் வந்த ஓட்டோகாட் 14இல் தொடங்கியவை. வேறு எவருக்கும் தலையும் வாலும் பிடிபடாததால், பழைய கோப்புகள் எல்லாமே அவரிடம்தான் போய்ச் சேர்ந்திருந்தன. எங்களில் இளையவர், அவற்றைத் திறக்க வசதியாக இருக்கும் என்று அண்ணையின் அமைப்புகளைத் தன் கொம்பியூட்டரில் ஏற்றினார். அடுத்த நிமிடமே அவருடைய கொம்பியூட்டரும் மூன்று நிமிடக்காரனாகிவிட்டது. அவருக்கு வயது இருபத்தேழு. வயசுதானே என்று எவரும் சொல்லவில்லை. "என்னவோ பிழை" என்று உடனே தேடத் தொடங்கினோம்.

பிழை இருந்த இடம் இதுதான். இந்த மென்பொருள் ஒரு படத்தைத் திறக்கும்போது அதற்கு வேண்டிய எழுத்துரு, கோட்டு வகை, நிரப்பு வடிவம் என்று ஒவ்வொன்றையும் ஒரு பாதைப் பட்டியலின்படி வரிசையாகத் தேடும். அண்ணையின் பட்டியலில் முதல் இரண்டு பாதைகளும் அலுவலகத்தின் பழைய சேர்வரைக் காட்டின. அந்தச் சேர்வரைக் கழற்றிப் பல வருசம். மென்பொருள் ஒவ்வொரு தடவையும் அங்கே போய்க் கதவைத் தட்டி, பதில் வராது என்று தெரியும்வரை காத்துநின்று, பிறகுதான் அடுத்த பாதைக்கு வந்தது. படத்தின் அச்சு அமைப்பில் இருந்த அச்சுப்பொறியும் இப்போது இல்லாதது. ஒவ்வொரு பக்கமும் திறக்கும்போது அதையும் தேடியது. பாதைகளை நீக்க ஐந்து நிமிடம்கூடப் போகவில்லை.

மிச்சம் கோப்புகளுக்குள் கிடந்தது. ஒரு படத்தைத் தொடுகிற துணைப் புரோகிராம்கள் தங்கள் பெயரை அதற்குள் பதிந்துவிட்டுப் போகும். ஒரு படத்தை இன்னொன்றுக்குள் செருகினால் அந்தப் பெயர்களும் கூடவே போகும். இருபது வருசம் கை மாறிய கோப்பில் அவை ஆயிரக்கணக்கில் கிடக்கும், தாளில் ஒரு புள்ளியாகவும் தெரியாது. 2008ஆம் பதிப்பிலிருந்து படங்களோடு வரும் அளவுத்திட்டப் பட்டியலும் அப்படித்தான், ஒன்றை ஒன்று இணைக்க இணைக்கப் பெருகும். வழமையான 'பேர்ஜ்' சாளரம் இந்தப் பெயர்களைக் காட்டாது. கட்டளையின் முன்னால் ஒரு சிறுகோடு போட்டு எழுத்தில் அடிக்க வேண்டும். அடித்தோம். முப்பத்தெட்டு மெகாபைட் கோப்பு ஐந்துக்கு இறங்கியது. அந்தக் குப்பையில் அண்ணை போட்டது கொஞ்சம்தான். எங்கள் எல்லோருடைய படங்களிலிருந்தும் வந்து சேர்ந்ததே கூட. அதைத் திறந்து வேலை செய்தவர் மட்டும் அவர்.

மென்பொருள் தயாரித்தவரை இதில் குற்றம் சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. கணினியியலாளர் நிக்லவுஸ் விர்த் 1995இல் ஒரு கட்டுரை எழுதினார். வன்பொருள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மெதுவாகிறது என்பது அதன் சாரம். அது பொதுவான உண்மையாக இருக்கலாம். எங்களுக்கு இடிக்கிற விசயம் வேறு. ஒரு கொம்பியூட்டர் பிந்தினால் நாங்கள் என்ன செய்வோம்? அதே படத்தை வேறொன்றில் திறந்து பார்ப்போம். வயரை மாற்றிப் போடுவோம். அதையெல்லாம் செய்து முடிக்கும்வரை "இது பழுது" என்று சொல்லமாட்டோம். பத்து நிமிடம் செலவாகிற இந்தப் பரிசோதனையை, மாசியிலிருந்து ஆவணிவரை, பக்கத்துக் கதிரையில் இருந்த மனிசனுக்காக ஒரு நாளாவது செய்தோமா? அவருடைய படத்தை எங்கள் திரையில் ஒருமுறை திறந்திருந்தால் போதும். பாதைப் பிழையை உடனேயே பிரித்தறிந்திருக்கலாம்.

"எங்களுக்கு எப்படித் தெரியும், நாங்கள் ரெக்னீசியன்களா?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். நியாயம்தான், காரணம் தெரியாதது குற்றமாகாது. ஆனால் மேலாளர் எங்களிடம் காரணம் கேட்கவே இல்லை. சமாளிக்கிறாரா என்றுதான் கேட்டார். காரணத்தை நாங்களாகக் கொடுத்தோம். கையில் ஆயத்தமாக இருந்தது, எடுத்துக் கொடுத்தோம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், கவுண்டர்களின் முன்னால் ஆங்கில வசனம் தேடி நின்ற எங்களை மந்தம் என்று எடுத்தவர்களை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. ஆனால் எங்கள் முறை வந்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

ஐப்பசியில் அண்ணை வீட்டுக்குப் போனோம். சொல்வதா விடுவதா என்று காருக்குள் வைத்தே வாக்குவாதம். போனவருக்கு இப்போது சொல்லி என்ன, எங்கள் மனப்பாரத்தை இறக்கத்தானே என்றார் ஒருவர். அது முழுக்கப் பிழை என்று சொல்லமுடியவில்லை. ஆனால் தன் கண்ணையும் கையையும் பற்றி ஒரு மனிசன் நம்பிக்கொண்டிருக்கும் பொய்யை அவரிடமே விட்டுவைக்க எங்களுக்கு என்ன உரிமை? சொன்னோம்.

அவர் கோபிக்கவில்லை. பழைய சேர்வரின் பெயரைக் கேட்டு, "ஓ, அதுவே" என்று சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை ஒபிசிலை சொன்னியளே?"

"சொன்னனாங்கள் அண்ணை. கொம்பியூட்டர் திருத்தியாச்செண்டு."

"அது சரி. நான் பிந்தேல்லை எண்டு?"

நாங்கள் தேத்தண்ணியைக் குடித்தோம்.

திங்கட்கிழமை நான்கு பேரும் பெயர் வைத்து மேலாளருக்கு எழுதினோம். மாசி முதல் ஆவணிவரை நடந்தது இன்னது, அன்று நாங்கள் சொன்ன காரணம் பிழை, அவருடைய பதிவில் இதையும் சேர்க்கவேண்டும் என்று. தகவலுக்கு நன்றி என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதைப் பிரதி எடுத்து அண்ணையிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம்.